வாசிச்சா கேட்க ஆள் இருக்கா? – ஊரடங்குக் காலத்து ஒரு பள்ளி நோட்டு

போன மாசம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எடைக்குப் போட பரண் மேல இருந்து பழைய பேப்பர் இறக்கிக்கிட்டிருந்தாங்க. கட்டைப் பிரிச்சு அடுக்கும்போது நடுவுல ஒரு நீள நோட்டு வந்தது. அட்டையில் ‘2020–21, வீடு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பெரியம்மா மகள், எனக்கு அக்கா, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. “அது ஒண்ணுமில்ல தம்பி. கொரோனா சமயத்துல பசங்களுக்கு என்ன குடுத்தேன், என்ன திரும்பி வந்துச்சுன்னு கணக்கு வச்சிருந்தேன். அதையும் போட்டுடு” என்றார். நான் போடவில்லை. பைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். கடந்த மூன்று வாரமாக அந்த நோட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டு, செப்பேடு, கலெக்டர் அறிக்கை என்று எதையெதையோ இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஆதாரம் ஒரு அறுபது ரூபாய் நோட்டு.

முதலில் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளுக்குத் தமிழகம் முழுக்க விடுமுறை விட்டது 2020 மார்ச் 17 முதல். அப்போது சொன்ன கெடு மார்ச் 31. நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 25இல் வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாரும் தேர்ச்சி என்றார்கள். 2021 ஜனவரியில் பத்தும் பன்னிரண்டும் திறந்தன, பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும். பிறகு இரண்டாம் அலை, மறுபடி மூடல். செப்டம்பர் 1இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. கடைசியாக, 2021 நவம்பர் 1இல், தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி, ஒன்று முதல் எட்டு வரை.

ஆக, சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை பத்தொன்பதரை மாசம் பூட்டியிருந்தது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டிய குழந்தை, பள்ளிக்கூடத்தின் உள்ளே முதன்முதலாகக் கால் வைத்தபோது அது இரண்டாம் வகுப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது பற்றி அந்தக் காலத்தில் எவ்வளவோ பேசினோம். தேர்வு உண்டா, மதிப்பெண் எப்படி என்று தினமும் விவாதம். அகர வரிசை தெரியாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தை பற்றி எத்தனை விவாதம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நோட்டு. அது ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று அக்காவிடம். முதல் பக்கத்தில் 19 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டம். முதல் கட்டத்துக்கு மேல் ‘டிவி’ என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதுக்கு மேல் ‘போன்’. மூன்றாவதுக்கு மேல் ‘ஆள்’.

டிவி கட்டத்தில் 18 டிக். போன் கட்டத்தில் 8. ஆள் கட்டத்தில் 5.

“ஆள்னா என்னக்கா?”

“வாசிச்சா கேக்க ஆள் இருக்கான்னு. புள்ள வாசிக்கும்போது பக்கத்துல உக்காந்து, தப்பா வாசிச்சா ‘திரும்பப் படி’ன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல? அது யார் வீட்ல இருக்குன்னு பாத்தேன்.”

ஐந்து டிக்கில் ஒன்று பாதி டிக். அதற்கு விளக்கம் கேட்டேன். அந்த வீட்டில் பாட்டிக்கு எழுத்தே தெரியாதாம். ஆனால் பேரனைத் தினமும் சாயங்காலம் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வாராம். அவன் திக்கி நின்றால் “ஏன் நிறுத்திட்ட?” என்பாராம். “அதுவும் பாதி ஆள்தான். பாதி வாத்தியார்னுகூட வச்சுக்கலாம்” என்றார் அக்கா.

அந்த மூன்று கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

டிவி

18 டிக் எப்படி வந்தது? 2006க்குப் பிறகு ஐந்து வருஷம் நடந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை அன்றைக்குக் கிண்டல் செய்யாதவர் குறைவு. அதன் மிச்சமும், பிற்பாடு தவணையில் வாங்கியதுமாக, கூரை வீட்டிலும் ஒரு டிவி இருந்தது. கல்வித் தொலைக்காட்சி என்ற அலைவரிசையும் தயாராக இருந்தது. அது கொரோனாவுக்காகத் தொடங்கியதில்லை, 2019 ஆகஸ்ட் 26இலேயே தொடங்கியாச்சு. ஏழு மாசம் கழித்து இப்படி ஒரு தேவை வரும் என்று யாருக்கும் தெரியாது.

நோட்டில் டிவி பற்றி வரும் குறிப்புகள் எல்லாம் சின்னச் சின்ன வரிகள். ‘ரீசார்ஜ் இல்லை.’ ‘அண்ணன் படம் பார்க்கிறான்.’ ‘இரண்டாம் வகுப்பு வரும் நேரம் அம்மா நூறு நாள் வேலை.’ ஒரு பெண் குழந்தையின் பெயருக்கு எதிரே: ‘டிவி டீச்சர் கேள்வி கேட்டாங்க, நான் பதில் சொன்னேன், அவங்க கேக்கல என்கிறாள்.’

வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தூரத்திலிருந்து பாடம் நடத்துவது நம்ம ஊரில் தொடங்கியதும் இல்லை, 2020இல் தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரம் 1937இல் இதைச் செய்து பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இளம்பிள்ளைவாதம் பரவியதால் பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டார்கள். ஆறு வானொலி நிலையங்கள் இலவசமாக நேரம் கொடுத்தன. எந்த வகுப்புக்கு எப்போது எந்தப் பாடம் என்று செய்தித்தாள்கள் அச்சிட்டன. சந்தேகம் கேட்கப் பெற்றோருக்குத் தொலைபேசி வசதி வைத்தார்கள். சில நிலையங்கள் சில வீடுகளில் சரியாக எடுக்கவில்லை, பாடம் வேகமாக ஓடுகிறது என்று புகார்கள் வந்தன. மூன்று வாரத்துக்குள் நோய் தணிந்து பள்ளி திறந்துவிட்டது.

அந்தச் சிகாகோ வானொலிப் பள்ளியில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. பாடம் ஒலிபரப்பானது மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் இல்லை. எழுத்தையே இனிமேல்தான் கற்க வேண்டிய பிள்ளைக்கு ஒலிபெருக்கி வழியாக என்ன செய்ய முடியும்? பென்சிலை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கணும். ‘ண’வுக்கு எத்தனை சுழி போட்டிருக்கிறது என்று பார்க்கணும். பார்க்கும் கண் வேண்டிய வயசு அது. எண்பது வருஷம் கழித்து நாம் படத்தோடு அனுப்பினோம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் கண் அப்போதும் இல்லை.

போன்

கிராமப்புறக் கல்வி நிலையைப் பற்றி ஆண்டுதோறும் வரும் ‘ஏசர்’ அறிக்கை 2020இல் தொலைபேசி வழியாகவே கணக்கெடுத்தது. கிராமப்புற இந்தியாவில், பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 2018இல் 36.5 சதவீதம். 2020இல் 61.8 சதவீதம். இரண்டே வருஷத்தில் பெரிய தாவல். இதைப் பார்த்து ‘பாதிக்கு மேல் வசதி இருக்கிறதே’ என்று பேசியவர்கள் உண்டு.

நோட்டில் 19க்கு 8. அந்த எட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு எழுத்து இருக்கிறது. ‘அ’ என்றால் போன் அப்பாவிடம். காலையில் வேலைக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வரும். ‘அண்’ என்றால் அண்ணனிடம். அவனுக்கே ஆன்லைன் வகுப்பு இருக்கும். எட்டில் ஆறு ‘அ’, ஒன்று ‘அண்’. அம்மா கையிலேயே இருந்த போன் ஒன்றே ஒன்று. வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்பதும், ஏழு வயசுப் பிள்ளை கையில் பகலில் அது இருக்கிறது என்பதும் வேறு வேறு. இதை எந்தக் கணக்கெடுப்பும் முழுசாகப் பிடித்துவிட முடியாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்ற ஒருவருக்குத்தான் தெரியும்.

அதனால் அக்கா என்ன செய்தார்? காகிதத்துக்குப் போனார். ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்த மாசங்களில் கார்பன் தாள் வைத்துக் கையாலேயே எழுதியிருக்கிறார். பள்ளி பீரோவில் பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்தன. அந்த முறை 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்க வந்தது. மூலம் ஆந்திராவின் ரிஷிவேலி. ஏணி போல் படிப்படியாக அட்டைகள், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறணும். ஒரே அறையில் மூணு வகுப்பை வைத்துக்கொண்டு ஒற்றை ஆசிரியர் எல்லாரிடமும் இருக்க முடியாது என்ற நிலைமைக்காக உருவான முறை. பிற்பாடு பாடத்திட்டம் மாறியதும் அட்டைகள் பீரோவுக்குப் போய்விட்டன. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் கொஞ்ச நேரமாவது நகரக்கூடிய பாடம் அதுதான் என்று அக்காவுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கிறது.

நோட்டின் நடுப்பக்கங்கள் முழுக்க இந்த அட்டைக் கணக்குதான். யாரிடம் எந்த எண் போனது, என்றைக்குத் திரும்பியது. ‘14 – மழையில் நனைந்தது.’ ‘22 – தம்பி கிழித்துவிட்டான், ஒட்டியாச்சு.’ ‘9 – இரண்டு வாரமாக வரவில்லை, ஆட்டோடு போகிறான்.’

அட்டை கைமாறிய நாள் பெரும்பாலும் அரிசி கொடுத்த நாள். பள்ளி மூடியதால் சத்துணவு சமைக்க வழியில்லை. அதற்குப் பதில் அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுத்தார்கள். அதை வாங்க அம்மாவோ பாட்டியோ கண்டிப்பாக வருவார்கள். அக்கா அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். “அரிசிக்குக் கையெழுத்து, அப்படியே அட்டைக்கும் கையெழுத்து. ‘புள்ளையையும் கூட்டிட்டு வாங்க’ன்னு முதல் நாளே சொல்லி அனுப்பிடுவேன்.” படிப்புக்குப் பிள்ளையை வரவழைக்கச் சோறு போடுவது 1950களிலிருந்து இந்த மாநிலம் செய்த காரியம். பள்ளியே இல்லாத காலத்திலும் அது ஒருவிதத்தில் வேலை செய்திருக்கிறது.

ஆள்

டிவியையும் போனையும் யாராவது வாங்கிக் கொடுத்துவிடலாம். மூன்றாவது கட்டம்தான் கஷ்டம். இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல், எந்த ஊரில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826 மார்ச்சில் அதைத் தொகுத்து ஒரு குறிப்பு எழுதினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் வழியாக இந்தக் கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். அதை வைத்து நடந்த சண்டையும் தெரிந்திருக்கும். அந்தச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை.

எனக்கு வேண்டியது அதில் உள்ள இன்னொரு எண். சென்னை நகரக் கலெக்டர் மட்டும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளையும் எண்ணி அனுப்பினார். பள்ளியில் படித்தவர்கள் சுமார் 5,500. வீட்டில் படித்தவர்கள் 26,000க்கும் மேல். ஐந்து மடங்கு வருகிறதே, எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். எண் எவ்வளவு சரியோ, வீட்டில் படிப்பது என்பது அன்று என்ன என்பது தெளிவு. சொந்தக்காரர் சொல்லிக் கொடுப்பார், அல்லது வாத்தியாரை வைத்துக்கொள்வார்கள். அதாவது எழுத்து தெரிந்த ஆள் வீட்டில் இருக்கணும், அல்லது ஆளை வைக்கப் பணம் இருக்கணும். இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை.

அதற்கப்புறம் இருநூறு வருஷம் நடந்த பொதுப் பள்ளி வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு ஊருக்குப் பொதுவாக ஒரு ஆளை உட்கார வைத்ததுதான். 2020 மார்ச் 17 அன்று அந்த ஆளை எழுப்பிவிட்டு, ‘இனி எல்லாரும் வீட்டில் படியுங்கள்’ என்றோம். நோய்க்காக வேறு வழியில்லாமல்தான் செய்தோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு 19 பிள்ளைகளில் 14 பேர் மன்றோவின் கணக்குக்கு வெளியே போய் நின்றார்கள்.

நோட்டில் 2020 செப்டம்பர் முதல் ‘ச.பி.’ என்று ஒரு சுருக்கெழுத்து வருகிறது. ‘ச.பி. வீடு – 4 பேர்.’ ‘ச.பி. காய்ச்சல், இன்று இல்லை.’ முதலில் எனக்குப் புரியவில்லை. கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார். சட்டாம்பிள்ளை!

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான். கொஞ்சம் முன்னே படித்த பையன், பின்னே வருகிற பையன்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். 1780களின் கடைசியில் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதையே தன் பள்ளியில் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற ஒரு சிப்பாயின் மகனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சின்னப் பையன். அவன் செய்து காட்டிவிட்டான். 1797இல் பெல் இதைப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது.

அக்காவுக்கு இந்தக் கதை ஆசிரியர் பயிற்சியில் படித்த ஞாபகம் கொஞ்சம் இருந்ததாம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் தெருவில் உள்ள நாலு பிள்ளைகளை உட்கார வைத்து தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க வைத்தாள். பாடம் நடத்தவில்லை. வாசிப்பதைக் கேட்டாள், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை அக்கா போய்ப் பார்ப்பார். அந்த நாலு பேருக்கும் மூன்றாவது கட்டத்தில் புதுசாக டிக் விழுந்தது. பேனா நிறம் வேறு.

ரெண்டு எடம்

இந்த இடத்தில் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. மேலே தேதி, கீழே ஒரே வரி: ‘ரெண்டு எடம் ஆயிடுச்சு.’

அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. நான் கேட்டபோதும் முதலில் பேச்சை மாற்றினார். பிறகு சொன்னார்.

அந்தப் பெண்ணின் வீடு ஊர்த் தெருவில். அக்கா காலனியில் இருந்து மூன்று பிள்ளைகளையும் அங்கே அனுப்பினார். இரண்டாம் நாள் அந்த வீட்டு அம்மா வந்து மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: “டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மாமியார் இருக்காங்க, பக்கத்து வீட்ல பேசறாங்க. திண்ணையில ஏத்தறது கொஞ்சம்...” கொரோனாவைக் காரணம் சொல்வதும் வசதியாக இருந்தது. எட்டத்தில் நிற்கச் சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. போட்டால் அந்த நாலு பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும் என்று பயந்தார். காலனியில் ஐடிஐ படிக்கும் ஒரு பையனைப் பிடித்தார். அங்கே சமுதாயக் கூடத்து வராண்டாவில் இன்னொரு வகுப்பு தொடங்கியது. அது நன்றாகவே நடந்தது. அட்டைகள் ஒழுங்காகத் திரும்பி வந்தது அந்தப் பக்கமிருந்துதான் என்பது நோட்டிலேயே தெரிகிறது.

“பள்ளிக்கூடத்துல ஒரே பாய்ல உக்காந்துச்சுங்க தம்பி. ஒரே தட்டு, ஒரே சோறு. வருஷக் கணக்கா அப்படித்தான். நானே போய் பிரிச்சு உக்கார வச்ச மாதிரி ஆயிடுச்சு.”

திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதும்போது எனக்குள்ளேயும் ஒரு பெருமிதம் வரும். மெட்ராஸ் முறை லண்டனுக்குப் போனது என்று எழுத யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் திண்ணை ஒரு வீட்டின் பகுதி. வீட்டுக்காரர் யாரை ஏற்றுவார், யாரை ஏற்றமாட்டார் என்பது திண்ணையோடு சேர்ந்தே வரும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடம் கிடையாது. அரசுப் பள்ளிக் கட்டடத்தை நாம் ஓடு உடைஞ்சது, சுவர் விரிஞ்சது என்று குறை சொல்வோம். அது யாருடைய வீடும் இல்லை என்பதுதான் அதன் பெரிய வசதி. பூட்டிய ஆறு மாசத்தில் பழைய கோடு தானாக எழுந்து வந்து நின்றதைப் பார்த்த பிறகு, திண்ணைப் பள்ளியைப் பற்றி முன்பு இதே பக்கத்தில் நான் எழுதிய இரண்டு கட்டுரைகளைத் திருத்தி எழுதணும் என்று நினைக்கிறேன்.

என்ன மிஞ்சியது

2021 மே மாசத்துப் பக்கங்களில் தேதி மட்டும் இருக்கிறது. இரண்டாம் அலை. பிள்ளைகளின் வீடுகளிலேயே இரண்டு சாவு. ஜூன் கடைசியில் மறுபடி அட்டைக் கணக்கு தொடங்குகிறது, கையெழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறது.

நவம்பர் 1 பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். வாசிக்கிறாள், எழுத வரவில்லை. கூட்டல் வருகிறது. கடைசிக் கட்டத்தில் பல பேருக்கு ஒரே குறிப்பு: ‘கடன் வாங்கிக் கழித்தல் இல்லை.’

இது அந்த ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை என்பதற்குப் பெரிய ஆதாரம் இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் எடுத்த அளவீடு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 2021 டிசம்பரில் அதே வயதுப் பிள்ளைகள் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும், தமிழில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: 2019இன் பிள்ளைகள் 100 பேரை வரிசையாக நிறுத்தினால், 2021இன் நடுத்தரப் பிள்ளை கணக்கில் கீழிருந்து தோராயமாக 24ஆவது இடத்தில் நிற்கும். தமிழில் 37ஆவது இடத்தில்.

தமிழைவிடக் கணக்கு ஏன் இவ்வளவு அதிகம் போனது? என் ஊகம்: தமிழ் வீட்டிலும் இருக்கிறது. பஸ் பலகை, டிவியில் ஓடும் எழுத்து, மளிகைக் கடைப் பெயர். கடன் வாங்கிக் கழித்தல் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்துவிட்டது. மீண்டதில் சுமார் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் என்று கணக்கிடுகிறார்கள். 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாலையில் ஒன்றரை மணி நேரம் அளவில், ஊரிலேயே உள்ள தன்னார்வலர் சுமார் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம், மீட்பும் அவர்களுக்கே அதிகம் என்பதும் அந்த ஆய்வில் உள்ள செய்தி.

அக்கா ஊரில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தவர்களில் அந்த ஐடிஐ பையனின் அக்காவும் ஒருவர். அரசாங்கம் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆவணத்தில் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27இல் தொடங்குகிறது. நோட்டில் அது 2020 செப்டம்பரிலேயே இருக்கிறது, ‘ச.பி.’ என்ற பெயரில். அக்கா மாதிரி எத்தனை பேர் எத்தனை ஊரில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்? அப்போது அது உத்தரவு இல்லாத வேலை. கூட்டம் கூட்டினார் என்று யாராவது புகார் கொடுத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் நோட்டில் ஊர்ப் பெயர்கூட இல்லை.

“அந்த நோட்டை வச்சு என்ன பண்ணப் போற?” என்று நேற்று போனில் கேட்டார்.

“எழுதப் போறேன்க்கா.”

“என்னத்த எழுதுவ? பாதிப் புள்ளைங்களுக்குக் கழித்தல் வரலன்னா?”

“ஆமா, அதையும்தான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இப்ப வருது, அதையும் எழுது. அவங்க எல்லாம் மேல் வகுப்புக்குப் போயிட்டாங்க” என்றார்.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது அந்தக் காலத்தில் பணியில் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருந்தால் ஒரு வேண்டுகோள். வாட்ஸப் குழுக்கள் அழிந்திருக்கும், போன் மாறியிருக்கும். டைரி, வருகைத் தாள், கார்பன் நகல், பிள்ளைகள் எழுதிக் கொடுத்த தாள் என்று ஏதாவது பரண்மேல் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு, பக்கங்களைப் படம் எடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். மன்றோவின் கலெக்டர்கள் எழுதி அனுப்பியதால்தான் 1822 பற்றி இன்று சண்டை போட முடிகிறது. 2020 பற்றிச் சண்டை போடப் போகிறவர்களுக்கு நாமும் கொஞ்சம் காகிதம் விட்டுவைக்கணும்.